வேலையிடத்து விபத்தும் நிரந்தர ஊனமும்: இழப்பீடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தகடு வெட்டும் பவர் பிரஸ் மெஷினில் விரலை இழந்தவர்களும், சாரத்திலிருந்து விழுந்து கால் போனவர்களும், அவர்களுடைய வீட்டாரும் தொழிற்சங்க அலுவலகத்துக்கு வந்து திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தியாவில் இந்த உரிமையைத் தந்தது 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் ஏழாம் அத்தியாயம் இழப்பீட்டைப் பற்றியது. இழப்பீட்டின் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. கீழே குறிப்பிடும் பிரிவு எண்கள் 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உரியவை. அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துகளின் வழக்குகள் அவற்றின் பேரிலேயே நடக்கின்றன.

வேலையில் அடிபட்டது. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் முதலாளி கட்டிவிட்டார். அதற்கு மேலும் கேட்கலாமா?

கேட்கலாம். சிகிச்சைச் செலவு வேறு, இழப்பீடு வேறு. வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்கு உண்மையில் ஆன மருத்துவச் செலவைத் திருப்பித் தருவது முதலாளியின் தனிக் கடமை. அவ்வாறு தந்த தொகையை இழப்பீட்டில் கழித்துக்கொள்ளக் கூடாது என்று நான்காம் பிரிவின் விளக்கம் தெளிவாகவே சொல்கிறது. "ஆஸ்பத்திரிக்கு மூன்று லட்சம் செலவழித்தேன், இன்னும் என்ன வேண்டும்?" என்று முதலாளி கேட்டால், அந்த மூன்று லட்சம் காயத்தை ஆற்றியதற்கானது, போன விரலுக்கானது இன்னும் வரவில்லை என்பதே பதில்.

தப்பு என் பேரில்தான். அவசரத்தில் கையை உள்ளே விட்டுவிட்டேன். அப்படியும் பணம் கிடைக்குமா?

கிடைக்கும். விபத்துக்கு யார் காரணம் என்பதை இந்தச் சட்டம் பார்ப்பதில்லை. விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்ததா என்பது மட்டுமே கேள்வி. கவனக்குறைவு, அசதி, அவசரம் எதுவும் உங்கள் உரிமையைக் குறைக்காது. ஓவர்டைம் முடியும் நேரத்தில் கண் சொருகிப்போய் மெஷினின் அச்சுக்குள் கையை வைத்தவருக்கும் முழு உரிமை உண்டு.

விதிவிலக்குகள் மூன்று: குடிபோதையிலோ போதைப்பொருளின் தாக்கத்திலோ இருந்ததால் விபத்து நேர்ந்திருந்தால், பாதுகாப்புக்காக வெளிப்படையாக இட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறியதால் நேர்ந்திருந்தால், பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றியதாலோ புறக்கணித்ததாலோ நேர்ந்திருந்தால். இவற்றை நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. உற்பத்தி குறைகிறது என்று சூப்பர்வைசரே அந்தக் கவசத்தைக் கழற்றச் சொன்ன இடத்தில், தொழிலாளி வேண்டுமென்றே கழற்றினார் என்ற வாதம் நிற்காது. மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டிருந்தால் இந்த மூன்று விதிவிலக்குகளையும் முதலாளி எடுத்துவைக்கவே முடியாது.

நான் தினக்கூலி. ஆர்டர் கிடையாது, பி.எஃப். கிடையாது, சம்பளமும் கையில்தான். என்னையும் தொழிலாளி என்பார்களா?

என்பார்கள். தற்காலிக வேலை செய்பவரை விலக்கி வைத்திருந்த வரிகள் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டன. நியமன ஆணை இருந்தாக வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதைக் காட்டினால் போதும். உடன் வேலை செய்தவரின் சாட்சியம், வாசல் பதிவேடு, சம்பளம் வந்த ஜிபே வரவு, மேஸ்திரி அனுப்பிய வாட்ஸாப் செய்தி ஆகிய அனைத்தும் பயன்படும்.

நிரந்தர முழு ஊனம், பகுதி ஊனம் என்று பிரிக்கிறார்களே, என்ன வித்தியாசம்?

விபத்துக்கு முன் செய்யக்கூடியதாக இருந்த எந்த வேலையையும் இனிச் செய்ய முடியாது என்றால் அது நிரந்தர முழு ஊனம். சம்பாதிக்கும் திறன் நிரந்தரமாகக் குறைந்தது, ஆனால் முற்றிலும் போகவில்லை என்றால் நிரந்தரப் பகுதி ஊனம். இரண்டுக்கும் சட்டத்தோடு இணைந்த பட்டியல் இருக்கிறது. இரு கைகளும் போனால், ஒரு கையும் ஒரு பாதமும் போனால், முற்றிலும் செவிடானால், முகம் மிகக் கடுமையாகச் சிதைந்தால் 100 சதவீதம் என்று முதல் பகுதி கூறுகிறது. இரண்டாம் பகுதி பகுதி ஊனங்களுக்கு ஒவ்வொன்றாகச் சதவீதம் தருகிறது. உறுப்பு துண்டிக்கப்படாமல் உடலோடு இருந்தும் அதன் பயன்பாடு முழுமையாகவும் நிரந்தரமாகவும் போய்விட்டால், அந்த உறுப்பையே இழந்ததாகக் கொள்ள வேண்டும் என்ற குறிப்பும் பட்டியலில் உண்டு. இதைப் பலர் தவறவிடுகிறார்கள்.

எனக்கு எவ்வளவு வரும்? கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்கான காரணியால் பெருக்கினால் வருவது நிரந்தர முழு ஊனத்துக்கான தொகை. பகுதி ஊனத்துக்கு அந்தத் தொகையில் உரிய சதவீதம். காரணி வயதைப் பொறுத்து இறங்கும்: 20 வயதுக்கு 224.00, 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. விபத்துக்கு முன் வந்த கடைசிப் பிறந்தநாளில் நிறைந்த வயதையே எடுப்பார்கள். சம்பளத்துக்கு ஓர் உச்ச வரம்பு இருக்கிறது. 2010 மே 31 முதல் 8,000 ரூபாயாக இருந்த அந்த வரம்பை மத்திய அரசு 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாயாக உயர்த்தியது. உங்கள் சம்பளம் 24,000 ஆனாலும் கணக்கில் ஏறுவது வரம்புத் தொகைதான். இது நியாயமில்லை என்பது என் கருத்து. 2010க்கும் 2020க்கும் இடையே கையை இழந்தவர்கள், உண்மையில் வாங்கிய சம்பளம் எதுவாயினும், 8,000 ரூபாய்க்குள் அடைக்கப்பட்டார்கள். விபத்து நடந்த தேதியில் எந்த வரம்பு அமலில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

30 வயதானவர், மாதச் சம்பளம் 18,000 ரூபாய், கட்டைவிரல் முழுமையாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். வரம்பின்படி 15,000, அதில் 60 சதவீதம் 9,000, காரணி 207.98ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய். கட்டைவிரலுக்குப் பட்டியல் தரும் 30 சதவீதப்படி அவருக்கு வர வேண்டியது 5,61,546 ரூபாய். முதலாளி கையில் திணிக்கும் முப்பதாயிரம், ஐம்பதாயிரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

விரல்களில் கணுக்கணுவாகச் சதவீதம் மாறும். ஆட்காட்டி விரல் முழுவதும் போனால் 14, இரண்டு கணுக்கள் போனால் 11, ஒரு கணு போனால் 9, எலும்பு போகாமல் நுனிச் சதை மட்டும் போனால் 5. நடுவிரலுக்கு இதே வரிசையில் 12, 9, 7, 4. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் 7, 6, 5, 2. வலக்கை, இடக்கை என்ற வேறுபாடு கிடையாது. ஆகவே ஆட்காட்டி விரலின் நுனியில் எலும்பு போனதா, சதை மட்டும் போனதா என்பதை எக்ஸ்ரே காட்ட வேண்டும். மேலே சொன்ன அதே தொழிலாளிக்கு 9 சதவீதம் என்றால் ஏறத்தாழ 1,68,464 ரூபாய். 5 சதவீதம் என்றால் 93,591 ரூபாய். டிஸ்சார்ஜ் சம்மரியில் "விரல் நுனிக் காயம்" என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டால் இந்த வித்தியாசத்தைப் பின்னால் நிறுவுவது கடினம்.

ஒரே அடியில் மூன்று விரல்களிலும் கொஞ்சம் கொஞ்சம் போய்விட்டது. ஒன்றுக்கு மட்டும்தான் தருவார்களா?

ஒவ்வொன்றுக்கும் உரிய சதவீதத்தைக் கூட்ட வேண்டும். ஆட்காட்டி விரலில் ஒரு கணு, நடுவிரலில் இரண்டு கணு, மோதிர விரலில் ஒரு கணு என்றால் 9, 9, 5 சேர்ந்து 23 சதவீதம். கூட்டுத் தொகை நிரந்தர முழு ஊனத்துக்கான தொகையைத் தாண்டக் கூடாது என்பது மட்டுமே வரம்பு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிவிடவும் வேண்டாம். ஒரு கையின் நான்கு விரல்களும் முழுமையாகப் போனால் தனித்தனியாகக் கூட்டும்போது 40தான் வரும். பட்டியலிலோ அதற்கென்று தனி வரி இருக்கிறது, அது 50 தருகிறது.

என் காயம் பட்டியலிலேயே இல்லை. முதுகெலும்பு நசுங்கி, இப்போது எடை தூக்க முடியவில்லை.

பட்டியலில் இல்லாத காயத்துக்கும் இழப்பீடு உண்டு. தகுதி பெற்ற மருத்துவர் உங்கள் சம்பாதிக்கும் திறன் நிரந்தரமாக எவ்வளவு குறைந்தது என்று மதிப்பிட வேண்டும். மதிப்பிடும்போது பட்டியலில் உள்ள சதவீதங்களை அவர் மனத்தில் கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளி அட்டையில் உள்ள சதவீதம் இதற்கு ஒரு சான்றே தவிர முடிவான விடை அல்ல. அந்த அட்டை உடலின் குறைபாட்டை அளக்கிறது. இங்கே அளக்கப்படுவது சம்பாதிக்கும் திறன். முதுகில் 30 சதவீதக் குறைபாடு என்பது மேசையில் கணக்கெழுதுபவருக்கு ஒன்று, மூட்டை தூக்குபவருக்கு வேறொன்று. ஆகவே மருத்துவரிடம் போகும்போது நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், எத்தனை கிலோ தூக்கினீர்கள், எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்பதை விளக்கமாகச் சொல்லி, அது சான்றிதழில் இடம்பெறும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கை போய்விட்டது. பட்டியலில் 100 இல்லை என்கிறார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த தொழிலை ஒரு கையால் செய்யவே முடியாதே?

இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒடிசாவில் ஒரு திரையரங்கில் வேலை செய்துகொண்டிருந்த தச்சர் 1968இல் கீழே விழுந்து, அவருடைய இடக்கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டது. இது பகுதி ஊனம்தான், பட்டியலின் சதவீதத்தைத்தான் தர முடியும் என்றார் முதலாளி. ஒரு கையால் தச்சு வேலை செய்ய இயலாது, ஆகவே இது முழு ஊனமே என்று, இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரியான ஆணையர் தீர்ப்பளித்தார். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பட்டியல் தருவது குறைந்தபட்ச வழிகாட்டல் என்றும், தொழிலாளியின் தொழிலையும் பார்த்து முடிவெடுக்கலாம் என்றும் வாதிட அந்தத் தீர்ப்பு இன்றும் பயன்படுகிறது. எல்லா வழக்கிலும் இது தானாகக் கிடைத்துவிடாது. எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞருக்கு வேறு வேலை செய்யும் திறன் இருந்தது என்று எதிர்த் தரப்பு வாதிடும்; ஆகவே உங்கள் படிப்பு, அனுபவம், இதுவரை செய்த வேலைகள் யாவும் சாட்சியத்தில் வர வேண்டும்.

அதே கம்பெனியில் அதே சம்பளத்துக்கு மறுபடியும் வேலை பார்க்கிறேன். அப்படியானால் எனக்கு இழப்பே இல்லை என்கிறார்கள்.

பட்டியலில் உள்ள காயம் என்றால் இந்த வாதம் எடுபடாது. அந்தக் காயம் நிரந்தர ஊனத்தை உண்டாக்கியதாகவே சட்டம் கொள்கிறது. அதன் சதவீதமும் சட்டத்திலேயே இருக்கிறது. பட்டியலில் இல்லாத காயம் என்றால் சம்பளம் குறையாதது ஒரு சான்றாக எடுக்கப்படலாம். ஆனால் அளவுகோல் இந்தக் கம்பெனியில் உங்களுக்குக் கிடைக்கும் தயவு அன்று. அப்போது நீங்கள் செய்யக்கூடியதாக இருந்த எல்லா வேலைகளிலும் உங்கள் திறன் என்ன ஆனது என்பதே. நாளை இந்தக் கம்பெனி மூடினால் வெளியே யார் அதே கூலி தருவார்கள் என்று கேளுங்கள்.

எனக்கு ஈஎஸ்ஐ இருக்கிறது. அதிலும் வாங்கிக்கொண்டு முதலாளியிடமும் கேட்கலாமா?

கூடாது. ஈஎஸ்ஐ காப்பீடு உள்ளவர் அதே காயத்துக்கு முதலாளியிடம் இழப்பீடு பெறுவதைச் சட்டம் தடுக்கிறது. அங்கே மொத்தத் தொகைக்குப் பதிலாக, மருத்துவக் குழு தீர்மானிக்கும் திறன் இழப்புச் சதவீதத்துக்கு ஏற்ப, சம்பளத்தின் 90 சதவீத அடிப்படையில் வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் பணம் கிடைக்கும். இளம் வயதில் கையை இழந்தவருக்கு இது பெரும்பாலும் நல்லதாகவே முடிகிறது. மருத்துவக் குழுவின் சதவீதம் குறைவாகத் தோன்றினால் மேல்முறையீடு உண்டு. முதலாளி சந்தா கட்டத் தவறியிருந்தால் அந்தத் தவறு உங்கள் உரிமையைப் பறிக்காது. விபத்து நடந்த அன்றுதான் உங்களைப் பதிவு செய்தார்கள் என்றாலும் தயங்காமல் ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள்.

கான்ட்ராக்டர் மூலம் போனேன். விபத்துக்குப் பிறகு அவர் போனையே எடுக்கவில்லை.

வேலையை ஒப்படைத்த முதன்மை முதலாளியிடமே கேட்கலாம். அவருடைய தொழிலின் வழக்கமான பகுதியாக இருக்கும் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டு, அவர் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் விபத்து நடந்திருந்தால், 12ஆம் பிரிவின்படி அவரே இழப்பீடு தர வேண்டும். தந்த பிறகு கான்ட்ராக்டரிடம் அவர் வசூலித்துக்கொள்ளலாம். மனுவில் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பதே பாதுகாப்பானது.

சொந்த வீடு கட்டுபவருக்கு இது அப்படியே பொருந்தாது. வீடு கட்டுவது அவருடைய தொழில் இல்லை என்பதால், அங்கே பெரும்பாலும் கட்டட ஒப்பந்ததாரரையே பொறுப்பாக்க வேண்டியிருக்கும்.

ஐம்பதாயிரம் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கிவிட்டார்கள். எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் அல்லது குறைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 17ஆம் பிரிவு. மொத்தத் தொகையாக உடன்பாடு செய்துகொண்டால், அதன் குறிப்பை ஆணையரிடம் அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்றோ, ஏமாற்றியோ மிரட்டியோ பெறப்பட்டது என்றோ தெரிந்தால் ஆணையர் பதிவை மறுக்கலாம். பதிவு செய்யத் தவறிய முதலாளி சட்டப்படியான முழுத் தொகைக்கும் பொறுப்பாளி. வாங்கிய ஐம்பதாயிரத்தை மறைக்க வேண்டாம், மனுவிலேயே சொல்லுங்கள். வெற்றுத் தாளிலோ ராஜினாமாக் கடிதத்திலோ கையெழுத்துக் கேட்டால், மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்போது எதிலும் கையெழுத்திட வேண்டாம். இதை வீட்டாரிடம் முதல் நாளே நான் சொல்லிவிடுவது வழக்கம்.

என்னென்ன காகிதங்கள் வேண்டும்?

எல்லாவற்றிலும் முக்கியமானது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் தருவார்கள். அடிபட்டவர் மயக்கத்தில் கிடக்க, கூட வந்த கம்பெனி ஆள் "வீட்டில் கதவிடுக்கில் விரல் சிக்கியது", "பைக்கிலிருந்து விழுந்தார்" என்று சொல்லி, மருத்துவரும் அப்படியே எழுதிவிடுகிறார். பின்னால் வழக்கில் அந்த ஒற்றை வரிதான் முதலாளியின் ஆயுதமாகிறது. நினைவு திரும்பியதும், எந்த இடத்தில், எந்த மெஷினில், எத்தனை மணிக்கு நடந்தது என்பதை மருத்துவரிடம் சொல்லிக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். உடனடியாக நடந்த இந்தத் திருத்தத்துக்கு, ஆறு மாதம் கழித்துச் சொல்லும் எந்த விளக்கத்தையும்விட மதிப்பு அதிகம்.

அடுத்து வயதுச் சான்று. காரணி அதைப் பொறுத்தது. பிறகு எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து ரசீதுகள், சம்பளச் சான்றுகள், காவல் நிலையத்தில் புகார் பதிவாகியிருந்தால் அதன் நகல், காயத்தின் புகைப்படம். ஓர் உறுப்பின் பயன் நிரந்தரமாகப் போகும் அளவுக்குக் கடுமையான காயம் என்றால் ஏழு நாட்களுக்குள் ஆணையருக்கு அறிக்கை அனுப்புவது முதலாளியின் கடமை; அனுப்பினார்களா என்றும் கேட்டு வையுங்கள். முதலாளி தம் செலவில் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தால் போக வேண்டும். காரணமின்றி மறுத்தால் மறுக்கும் காலம் வரை உரிமை நிறுத்தி வைக்கப்படும்.

மனுவை எங்கே, எவ்வளவு நாளுக்குள் கொடுக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் துணை ஆணையர் நிலையில் உள்ள அதிகாரியே இழப்பீட்டு ஆணையராகவும் இருந்து வந்திருக்கிறார். விபத்து நடந்த ஊர், நீங்கள் வசிக்கும் ஊர், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் ஊர் ஆகிய மூன்றில் எங்கு வேண்டுமானாலும் மனுச் செய்யலாம். ஓசூரில் விரலை இழந்துவிட்டு பீகாருக்குத் திரும்பிய தொழிலாளி அங்கிருந்தே வழக்கு நடத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடு, விபத்து நடந்து இரண்டு ஆண்டுகள். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க அதிகாரம் உண்டு. ஆனாலும் சாட்சிகள் கலைந்து போவதற்குள் கொடுத்துவிடுங்கள். வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்கள் எழுத்தில் அதிகாரம் தந்தால் பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியும் உங்களுக்காக ஆஜராகலாம்.

வேலைக்கு வரும் வழியில் லாரி மோதிக் கால் போனது. இது வேலை விபத்தா?

நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால் ஆம். புதிய சட்டத் தொகுப்பு இதை வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. பழைய சட்டத்துக்கும் இதே பொருள் பொருந்தும் என்று, இரவுக் காவல் பணிக்குச் செல்லும் வழியில் இறந்தவரின் வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கே இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். மோட்டார் வாகன விபத்து என்றால் மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் அல்லது இழப்பீட்டு ஆணையரிடம் போகலாம். இரண்டு இடத்திலும் வாங்க முடியாது. தீர்ப்பாயத்தில் சம்பள வரம்பு இல்லை என்பதால் தொகை கூடலாம், ஆனால் எதிர்த் தரப்பு ஓட்டுநரின் தவறை நிறுவ வேண்டியிருக்கும். உங்கள் பேரிலேயே தவறு இருந்தால் ஆணையரிடம் போவதே நல்லது. காரணம் இரண்டாம் கேள்வியில் இருக்கிறது.

தருகிறேன் தருகிறேன் என்று இழுத்தடிக்கிறார்கள். தாமதத்துக்கு ஏதாவது உண்டா?

விபத்து நடந்த அன்றே இழப்பீடு தர வேண்டிய கடனாகிவிடுகிறது. தீர்ப்பு வந்த நாளிலிருந்து அல்ல. மேலே சொன்ன தச்சரின் வழக்கில் இதுவும் தீர்மானிக்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி சேரும். 5,61,546 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி மட்டுமே ஏறத்தாழ 67,386 ரூபாய். நியாயமான காரணமின்றித் தாமதித்தால் ஆணையர் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டையும் வட்டியையும் ஏற்கலாம். அபராதத்தை முதலாளியே தம் கையிலிருந்து தர வேண்டும் என்பது 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முழுத் தொகையை மறுத்தாலும், தாம் ஒப்புக்கொள்ளும் அளவை முதலாளி உடனே செலுத்தியாக வேண்டும்.

ஆணையர் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தாலும் ஹைகோர்ட்டுக்குப் போவேன் என்று மிரட்டுகிறார்.

போகலாம், ஆனால் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே. "சதவீதம் அதிகம்", "சாட்சியை நம்பியது தவறு" போன்றவை பொதுவாக அதில் அடங்காது. மேலும், தீர்ப்பான தொகையை ஆணையரிடம் கட்டிய சான்று இல்லாமல் முதலாளியின் மேல்முறையீட்டை ஏற்கவே முடியாது. கட்டவும் இல்லை, மேல்முறையீடும் இல்லை என்றால் நிலவரி நிலுவையைப் போல வசூலிக்க ஆணையரிடம் மனுக் கொடுங்கள்.

பணம் வந்தால் கடன்காரர் பிடித்துக்கொள்வாரா?

இழப்பீட்டை அடமானம் வைக்கவோ, வேறொருவர் பேருக்கு மாற்றவோ, கடனுக்காக ஜப்தி செய்யவோ, எதிர்க்கடனில் ஈடுகட்டவோ முடியாது என்கிறது ஒன்பதாம் பிரிவு. முன்பு வாங்கிய அட்வான்ஸைக் காட்டி முதலாளி அதில் கழிக்கவும் கூடாது. ஓய்வில் இருந்த காலத்தில் இழப்பீடாகவே தந்த தொகை மட்டும் கழிக்கப்படும். அதனால் அந்த மாதங்களில் எதைப் பெற்றாலும், அது சம்பளமா, மருத்துவச் செலவா, இழப்பீடா என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.